அறுபத்தொன்பது

பெட்டியில் ஒரு டெராபைட் என்று போட்டிருந்தது.
செருகியதும் திரை சொன்னது:
தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி.

எனக்கு வேலை எடைமேடையில், பர்கூர் சாலையில்.
மாங்காய் சீசன் என்றால் ராத்திரியும் உண்டு.
லாரி ஏறி நின்றதும்
எண் நடுங்கி நடுங்கி அடங்குவதைப்
பதினோரு வருஷமாகப் பார்க்கிறவள்.
அஞ்சு கிலோ ஆடினாலே
தகட்டுக்கு அடியில் கல் சிக்கியிருக்கிறதா என்று குனிவேன்.
இங்கே அறுபத்தொன்பது காணோம்.

சாப்பாட்டை டப்பாவிலேயே விட்டுவிட்டு
நாலாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய் பில்லோடு
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இறங்கி
முபாரக் கடைக்குப் போனேன்.
"பிரிச்சு யாரோ எடுத்திருக்காங்க" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
அதற்காகத்தான் அவனிடம் வாங்குகிறேன்.

காலி எடையா, என்று நானே கேட்டேன்.
லாரிக்கு லோடு எடை, காலி எடை, நிகர எடை.
இதற்கும் தகரம், திருகு, தட்டு என்று
கழித்திருப்பார்களோ?
"இல்லக்கா. எதையும் கழிக்கல."

பில்லின் முதுகில் எழுதிக் காட்டினான்.
செய்தவன் ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகிறான்.
கம்ப்யூட்டர் அதே கட்டைப் பிரித்து
ஆயிரத்து இருபத்து நாலாக மறுபடி கட்டுகிறது.
அதற்கு இருப்பது இரண்டே விரல்.
இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால்
ஆயிரத்தில் கால் வைக்க முடியாது,
பத்தாவது எட்டு
இருபத்து நாலு தள்ளித்தான் விழும்.
கட்டு பெருத்தால் எண்ணிக்கை இளைக்கும்.
கட்டுக்குள் கட்டு, அதற்குள் கட்டு என்று போகப் போக
வித்தியாசமும் குட்டி போடும்.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் வம்பு.

வலது பொத்தானை அழுத்தி இன்னொன்றைத் திறந்தான்.
கட்டே இல்லாமல், உதிரியாக, ஒரு எண்.
விரல் வைத்து எண்ணினேன். பதின்மூன்று இலக்கம்.
ஒன்று, அப்புறம் மூன்று பூஜ்யம், அப்புறம் என்னென்னவோ.
லட்சம் கோடி.
ஒரு பொட்டு குறையவில்லை.

பஸ்ஸில் அந்த ஆறுதல்
இரண்டு நிறுத்தம்கூடத் தாங்கவில்லை.

போன செவ்வாய் திம்மராயன் பெங்களூரா ஏற்றி வந்தார்.
என் மேடையில் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
கூழ் கம்பெனி சீட்டில் எட்டாயிரத்து இருநூற்று எட்டு.
மேடை கோளாறு என்று என் ஜன்னலில் வந்து நின்றார்,
இன்று நான் முபாரக்கிடம் நின்ற மாதிரியே.
ஈய முத்திரையைக் காட்டினேன்.
சோதனைக் கல்லை வைத்துக் காட்டினேன்.
அப்புறம்தான் அந்தச் சீட்டின் அடியில் பொடி எழுத்து:
டன்னுக்கு ஐம்பது கிலோ கழிவு.
காம்பாம், பாலாம், ஒட்டிய மண்ணாம்.
ஆயிரம் கொடுத்தால் தொள்ளாயிரத்து ஐம்பது.

அங்கேயும் இரண்டு விரலால் எண்ணுகிறார்கள் என்று
ஒரு நிமிஷம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.
ஒட்டவில்லை.
கம்ப்யூட்டர் என் அறுபத்தொன்பதைத் தின்னவில்லை.
அது அதே தட்டில் கிடக்கிறது, வேறு பெயரில்.
நாநூற்று முப்பத்திரண்டு கிலோ காய்
லாரி ஏறித் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.
கழிவென்று கொட்டிய குப்பையையும் பார்க்கவில்லை.
உதிரியாக எண்ணிக் காட்ட
அங்கே ஒரு பொத்தானும் இல்லை.

ராத்திரி புது டிரைவை மாட்டினேன்.
பழையது தன்மேல் தானே எழுதி அழிப்பதற்கு முன்னால்
செவ்வாய்க்கிழமைக் கேமராப் பதிவை
முதலில் ஏற்றினேன்.
லாரி ஏறுகிறது.
எண் நடுங்குகிறது, அடங்குகிறது.
திம்மராயன் இறங்கி அண்ணாந்து பார்க்கிறார்,
தலைத் துண்டை அவிழ்த்து, உதறி, திரும்பக் கட்டுகிறார்.

என்ன பெயரில் சேமிக்க, என்று திரை கேட்டது.
8640 என்று அடித்தேன்.